மருந்துக் கடைக் கவுன்டரின் உள்பக்கத்திலிருந்து பார்த்த எங்கள் பில் மென்பொருள்

மென்பொருள் உருவாக்குநர், மதுரை:

மருந்துக் கடைகளுக்கான பில் மென்பொருளை உருவாக்கும் குழுவில் பணிபுரிகிறேன். மென்பொருளை வாங்கியவரின் வீட்டுக்கே சென்று, அவர் அதைப் பயன்படுத்துவதை அருகிலிருந்து கவனிக்கும் வழக்கம் அமெரிக்காவின் இன்டியூட் நிறுவனத்தில் நெடுங்காலமாக உண்டு என்று படித்திருந்ததால், எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம், கூட்டம் மிகுந்த மாலை நேரத்தில் அவருடைய கடையில் நின்று பார்க்க அனுமதி கேட்டேன்.

விற்பவர் திரையைப் பார்ப்பதே அரிது. அவர் கண் மருந்துச் சீட்டிலும் எதிரே நிற்பவர் முகத்திலும் இருக்க, விரல் மட்டும் எண்டர் விசையை அழுத்திக்கொண்டே போகிறது. காலாவதி நெருங்கிய பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி, முதலில் விற்கப்பட வேண்டும் என்பதால் மென்பொருள் அதையே முன்வைக்கிறது. அவரோ கைக்கு எட்டிய அட்டையை எடுத்து, நான்கு மாத்திரைகளை வெட்டிக் கொடுத்துவிட்டு, திரை காட்டிய பேட்ச் எண்ணையே ஏற்றுக்கொள்கிறார். இவ்வாறு கணினியில் தீர்ந்துபோன பேட்ச் இழுப்பறையில் அப்படியே கிடக்கிறது. காலாவதிச் சரக்கை மொத்த விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்பும் நாளில்தான் கணக்கு இடிக்கிறது. 300 மருந்து பிராண்டுகளுக்கு, பேட்ச் எண்ணையும் தாங்கிய கியூஆர் குறியீடு 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயம் என்றாலும், பாதி வெட்டப்பட்ட அட்டையில் அதைத் தேடி ஸ்கேன் செய்ய மாலைக் கூட்டம் இடம் தருவதில்லை.

இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது ஹெச்1 பதிவேடு. ஹெச்1 என்பது கூடுதல் கட்டுப்பாட்டுடன் விற்க வேண்டிய மருந்துகளின் அரசு அட்டவணை. அதிலுள்ள மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் தனியே பதியப்பட்டு, மூன்றாண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது விதி. எங்கள் அறிக்கைகளில் அந்தக் கட்டங்கள் எப்போதும் நிரம்பியே தெரிந்தன. கடையிலோ, அவசரத்தில் ஒரு புள்ளியை இட்டு அவற்றைக் கடந்து சென்றார்கள். சீட்டைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, கூட்டம் குறைந்தபின் உண்மைப் பெயர்களை நோட்டில் பொறுப்பாக எழுதினார்கள். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று கட்டத்துக்குச் சிவப்பு நட்சத்திரம் இட்டால் தகவல் வந்துவிடும் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் நம்பிக்கை என்றே இப்போது கருதுகிறேன். பெயர்களைப் பிறகு நிரப்புவதற்கு ஒரு நிலுவைப் பட்டியலைச் சேர்த்திருக்கிறோம். பேட்ச் சிக்கலுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

செயலி வடிவமைப்பாளர், கோவை:

பள்ளிக் கட்டணம் செலுத்தும் செயலி ஒன்றில் எனக்கும் இதையொத்த அனுபவம் உண்டு. கைபேசியில் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்திருந்த பெரியவர் ஒருவரின் திரையில், பணம் செலுத்தும் பொத்தான் விளிம்புக்குக் கீழே மறைந்துபோயிருந்தது. செயலியில் குறை இருப்பதாக அவர் நினைக்கவில்லை. தமக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணி, ஒவ்வொரு தவணைக்கும் பேரன் வீடு திரும்பும்வரை காத்திருந்திருக்கிறார். இத்தகையவர்கள் புகார்ப் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. உங்கள் கடைக்காரர் அந்தப் புள்ளியைப் பற்றி அதற்கு முன் எப்போதாவது உங்களிடம் சொன்னதுண்டா?