கிரேட் 10-ல் ஏ.பி. மேத்ஸ் எடுக்கலாமா? கால்குலஸ் (நுண்கணிதம்) பகுதி எப்படி இருக்கும்?

மிட்ராண்ட்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் இங்கே தென்னாப்பிரிக்காவில் இப்போது கிரேட் 9. அடுத்த வருடத்துக்கான பாடத்தேர்வுப் படிவம் வந்திருக்கிறது. ஏழு பாடங்களோடு எட்டாவதாக ஏ.பி. மேத்ஸும் எடுக்கச் சொல்கிறார் அவளுடைய டீச்சர். பள்ளி விட்ட பிறகு வாரம் இரண்டு நாள் வகுப்பு. கணக்கில் 84% வாங்குகிறாள், இன்ஜினியரிங் படிக்க ஆசை. மெட்ரிக் (கிரேட் 12) கணக்கில் ஏற்கெனவே கால்குலஸ் இருக்கிறதே, இதில் புதிதாக என்ன? அமெரிக்காவில் ஏ.பி. கால்குலஸ் என்கிறார்களே, அதுதானா இது? இதற்கு நேரம் கொடுக்கப்போய் முக்கியக் கணக்கில் மார்க் இறங்கிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. ஊரிலிருந்து பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகங்கள் கொண்டுவந்திருக்கிறோம், அவை உதவுமா?

டர்பன்_கணக்கு எழுதியது:

வணக்கம் அக்கா. பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். இங்கே ஏ.பி. என்றால் ‘அட்வான்ஸ்ட் புரோகிராம்’. ஐ.இ.பி. என்ற தனியார் தேர்வு வாரியம் நடத்துகிறது, மெட்ரிக் வருடக் கடைசியில் தேர்வு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். அமெரிக்காவில் இருப்பது ‘அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்’. காலேஜ் போர்டு என்ற அமைப்பு மே மாதம் நடத்தி, 1 முதல் 5 வரை மதிப்பீடு தருகிறது. லிமிட் (எல்லை), வகையிடல் (டிஃபரன்ஷியேஷன்), தொகையிடல் (இன்டக்ரேஷன்) இரண்டிலும் உண்டு. ஆனால் இங்கத்திய பாடத்தில் கலப்பெண்களும் கணிதத் தொகுத்தறிதலும் சேர்ந்து வரும், அமெரிக்க கால்குலஸ் தேர்வில் அவை கிடையாது. அதனால் இணையத்தில் இருக்கும் அமெரிக்க ஏ.பி. வீடியோக்களை மட்டும் நம்பிப் படித்தால் அல்ஜீப்ரா பகுதி அப்படியே விட்டுப்போகும்.

மெட்ரிக் கணக்கில் கால்குலஸுக்கு முதல் தாளின் 150-ல் ஏறத்தாழ 35 மதிப்பெண். ஃபர்ஸ்ட் பிரின்சிபிள்ஸ் (லிமிட் வரையறையிலிருந்தே வகையிடுவது), அடுக்கு விதி, தொடுகோடு, முப்படிச் சார்பின் வரைபடம், பெருமம் சிறுமம், இவ்வளவோடு நின்றுவிடும். பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி எதுவும் இல்லை. சைன், காஸ் வகையிடுவதில்லை. தொகையிடல் என்ற பேச்சே இல்லை. ஏ.பி.யில் இவை எல்லாமே வரும். கூடவே தொடர்ச்சி, உட்படு சார்புகளை வகையிடுதல், நியூட்டன்-ராப்சன் (சமன்பாட்டின் தீர்வைப் படிப்படியாக நெருங்கும் முறை), ரீமான் கூட்டல், பிரதியிடல், பகுதித் தொகையிடல், சுழற்சியில் உண்டாகும் கனஅளவு. இன்ஜினியரிங் முதல் வருடத்தில் விரிவுரையாளர் இதையெல்லாம் சில வாரங்களில் ஓட்டிவிடுவார். ஏற்கெனவே கை பழகிய பிள்ளைக்கு அந்த வேகம் உறைக்காது. நான் எடுக்கச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

84% என்ற எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏ.பி.யில் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் அல்ஜீப்ராவில்தான், கால்குலஸில் இல்லை. இன்றைக்கே ஒரு தாளில் இதை எழுதிக் கொடுத்துப் பாருங்கள்: 1/(எக்ஸ்+ஹெச்) − 1/எக்ஸ், இதைச் சுருக்கி ஹெச்சால் வகுக்க வேண்டும். பொதுப் பகுதி எடுத்தால் மேலே −ஹெச் மிஞ்சும், கீழே எக்ஸ்(எக்ஸ்+ஹெச்). ஹெச் அடிபட்டு, விடை −1/[எக்ஸ்(எக்ஸ்+ஹெச்)]. கழித்தல் குறியோடு சரியாக வந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். 1/(எக்ஸ்+ஹெச்) என்பதை 1/எக்ஸ் + 1/ஹெச் என்று பிரித்து எழுதினால், டிசம்பர் விடுமுறையில் பின்னங்களையும் காரணிப்படுத்துவதையும் முதலிலிருந்து ஒருமுறை சரிசெய்துவிட்டுச் சேர்ப்பது நல்லது.

ரேடியன் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அல்ஜீப்ரா சுத்தமாக இருந்தும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் இருக்கின்றன. ஒன்றை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைக் கணக்கு ஏ.பி.யில் அடிக்கடி வரும்.

எக்ஸ் 2-க்குக் கீழே இருக்கும்போது சார்பு ப×எக்ஸ்² + 1. எக்ஸ் 2 அல்லது அதற்கு மேல் என்றால் ம×எக்ஸ் − 3. எக்ஸ் = 2-ல் வகையிடத்தக்கதாக இருக்க ப, ம என்ன? பல பிள்ளைகள் நேரே இரு பக்கமும் வகையிட்டு 4ப = ம என்று எழுதிவிட்டு, ப = 2, ம = 8 என்று ஏதோ ஒரு சோடியைப் பிடித்துக்கொள்கிறார்கள். சாய்வு இரு பக்கமும் 8தான், ஒத்துப்போகிறது. ஆனால் இடப்பக்கத் துண்டு 9-ல் முடிகிறது, வலப்பக்கத் துண்டு 13-ல் தொடங்குகிறது. நடுவில் அறுந்து கிடக்கும் கோட்டுக்கு வகைக்கெழு ஏது? முதலில் தொடர்ச்சியை எழுத வேண்டும்: 4ப + 1 = 2ம − 3. அதன் பிறகுதான் 4ப = ம. இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் ப = 1, ம = 4. சரிபார்த்தால் இரு துண்டும் 5-ல் சந்திக்கும், சாய்வு இரு பக்கமும் 4. தொடர்ச்சி வரியை எழுதாமல் விட்டால் அதற்கான மதிப்பெண்ணும் போகும், விடையும் போகும்.

தொகையிடலில் பிரதியிடும்போது எல்லைகளை மாற்ற மறப்பது அடுத்த பிழை. எக்ஸ்(எக்ஸ்²+1)³ என்பதை 0 முதல் 2 வரை தொகையிட வேண்டும் என்று வையுங்கள். யூ = எக்ஸ்²+1 என்று பிரதியிட்டதும் எல்லைகள் 1, 5 ஆகிவிடும். (625 − 1)/8 = 78. பழைய 0, 2-ஐயே யூவுக்குப் போட்டால் 16/8 = 2 என்று வரும். யூ எழுதும் அதே வரியில் புதிய எல்லைகளையும் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள்.

தேர்வில் வேகமும் வேண்டும். தாள் 1 கால்குலஸும் அல்ஜீப்ராவும், 2 மணி நேரம், 200 மதிப்பெண். தாள் 2-ல் புள்ளியியல், நிதியும் மாதிரியமைத்தலும், அணிகளும் வரைபடக் கோட்பாடும் என்ற மூன்றில் ஒன்று, 1 மணி நேரம், 100 மதிப்பெண். ஆக ஒரு மதிப்பெண்ணுக்கு 36 விநாடி. மெட்ரிக் கணக்கில் 3 மணி நேரத்துக்கு 150, அதாவது 72 விநாடி. சரியாகப் பாதி. கிரேட் 11 நடுவிலிருந்தே கடிகாரம் வைத்து 50 மதிப்பெண்ணை 30 நிமிடத்தில் எழுதிப் பழக வேண்டும். மெட்ரிக் வருடம் பிரிலிம் (இறுதித் தேர்வுக்கு முந்தைய பள்ளித் தேர்வு) நெருங்கும்போது தொடங்கினால் நேரம் போதாது.

ஜோபர்க்_தமிழ் எழுதியது:

முக்கியக் கணக்கின் மார்க் பற்றிய பயத்துக்கு: ஏ.பி. உங்கள் மகளின் ஏழு மெட்ரிக் பாடங்களில் சேராது. கிரேட் 11 நடுவில் தாங்கவில்லை என்றால் விட்டுவிடலாம், மெட்ரிக் சான்றிதழுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பல்கலைக்கழகங்கள் இன்ஜினியரிங் சேர்க்கைக்கு முதலில் பார்ப்பது முக்கியக் கணக்கைத்தான். ஏ.பி.க்குத் தரும் சலுகை இடத்துக்கு இடம் மாறும். அவள் விண்ணப்பிக்கப்போகும் வருடத்துப் புராஸ்பெக்டஸைப் பாருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். சங்கிலி விதி தெரிந்த பிள்ளை மெட்ரிக் தாளில் ஃபர்ஸ்ட் பிரின்சிபிள்ஸ் கேள்வியைக் குறுக்குவழியில் முடித்துவிடும். விதிப்படி விடை சரியாக இருந்தாலும் கேட்ட முறை அதுவல்லவே, மதிப்பெண் கிடைக்காது. அந்தக் கேள்வியில் ஹெச்சுக்கு 0 போடும் வரை ஒவ்வொரு வரியிலும் லிமிட் குறி இருந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டுப் புத்தகங்கள் நன்றாகவே உதவும். பதினொன்றாம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. பயிற்சிக் கணக்குகள் ஏராளம். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடும் தொகை நுண்கணிதத்தின் பயன்பாடும் போதும். பகுதி வகைக்கெழு, வகைக்கெழுச் சமன்பாடு அத்தியாயங்கள் இங்கே தேவையில்லை. தமிழ் வழிப் புத்தகம் என்றால் கலைச்சொற்களுக்கு நேரான ஆங்கிலச் சொல்லை ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுங்கள், வகுப்பில் குழம்பமாட்டாள்.

மிட்ராண்ட்_அம்மா எழுதியது:

மிக்க நன்றி. அந்தப் பின்னக் கணக்கைக் கொடுத்தேன், கழித்தல் குறியை மட்டும் விட்டுவிட்டாள், மற்றபடி சரி. சேர்க்கலாம் என்று இருக்கிறோம். கால்குலேட்டர் புதிதாக வாங்க வேண்டுமா? அவளிடம் காசியோ எஃப்எக்ஸ்-82 இசட்ஏ பிளஸ் இருக்கிறது.

ரேடியன் எழுதியது:

அதுவே போதும் அக்கா. ஏ.பி.யில் சைன், காஸ் வகையிடுவதெல்லாம் ரேடியன் என்ற கோண அளவில்தான். டிகிரியில் வைத்தால் பை/180 என்ற பெருக்கெண் உள்ளே நுழைந்து எல்லா விடையையும் கெடுக்கும். ஷிப்ட், மோட், 4 அழுத்தினால் திரையின் மேலே ‘டி’ போய் ‘ஆர்’ வரும்.

காஸ் எக்ஸ் = எக்ஸ் என்ற சமன்பாட்டை நியூட்டன்-ராப்சனில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 1 அழுத்தி சமக்குறி. பிறகு, முந்தைய விடையைத் தரும் ஆன்ஸ் பொத்தானை வைத்து, ஆன்ஸ் − (காஸ் ஆன்ஸ் − ஆன்ஸ்) ÷ (−சைன் ஆன்ஸ் − 1) என்று அடித்து, சமக்குறியைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். ரேடியனில் 0.750364, 0.739113, 0.739085 என்று வந்து நிற்கும். டிகிரியில் இருந்தால் 0.99985 பக்கம் போய் அதுவும் அசையாமல் நிற்கும், அதனால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. அடுத்த நாள் மெட்ரிக் முக்கோணவியல் வகுப்புக்குப் போகும்முன் ஷிப்ட், மோட், 3 அழுத்தி டிகிரிக்குத் திருப்பிவிட வேண்டும். சைன் 30 அடித்து 0.5 வருகிறதா என்று பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.