குவெரிசெட்டுக்கு எதற்கு இஸ்_வேலிட்?

பழையசர்வர்: ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் (பைத்தானில் ஏபிஐ எழுதும் கருவி) லிஸ்ட் வியூ எழுதி, குவெரிசெட்டை (டேட்டாபேஸிலிருந்து எடுத்த வரிசைகளின் தொகுப்பு) அப்படியே சீரியலைசரிடம் (அதை ஜேசனாக அனுப்பத் தோதாக மாற்றுவது) கொடுத்து, 'குவெரிசெட்டில் நேம் என்ற ஆட்ரிபியூட் இல்லை' என்ற எரரோடு வந்த புதுப் பையனுக்கு, நேற்று வேலைமுடிஞ்சாசரி சொன்ன வைத்தியம் இது: "டேட்டா=குவெரிசெட், மெனி=ட்ரூ என்று கொடுத்து இஸ்_வேலிட் கூப்பிடு, சரியாகிவிடும்." இதில் மருந்து, 'ஒன்றல்ல, பல' என்று சீரியலைசரிடம் சொல்லும் மெனி=ட்ரூ மட்டும்தான். டேட்டா= என்பது வெளியிலிருந்து வருவதை இஸ்_வேலிட் கொண்டு சோதிக்க. டேட்டாபேஸிலிருந்து எடுத்ததை முதல் ஆர்குமெண்டாக நேரே கொடுத்தால் போதும். இஸ்_வேலிட் எதற்கு?

வேலைமுடிஞ்சாசரி: போட்டேன், ஜேசன் வந்தது. ஓடுகிற கோடைப் பார்த்தால் உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?

பழையசர்வர்: இஸ்_வேலிட் என்ன சொன்னது என்று பிரிண்ட் போட்டுப் பார்த்தீர்களா? ஃபால்ஸ். அது லிஸ்ட் கேட்கிறது, நீங்கள் குவெரிசெட் கொடுக்கிறீர்கள். எரர்ஸைத் திறந்தால் அங்கேயே எழுதியிருக்கும். சோதனையில் தோற்றதால், .டேட்டா கேட்டதும் கெட்_இனிஷியல் வழியாக நீங்கள் கொடுத்ததையே மாற்றிக் கொடுக்கிறது. இஸ்_வேலிட்டில் ரெய்ஸ்_எக்ஸெப்ஷன்=ட்ரூ சேர்த்துப் பாருங்கள், ஜேசனுக்குப் பதில் 400 எரர் வரும்.

வேலைமுடிஞ்சாசரி: அதை நான் சேர்க்கச் சொல்லவே இல்லையே. ஜேசன் வந்ததா, இல்லையா?

ஓரமாநிற்பவன்: எனக்கும் அதே எரர். ஃபீல்டு எல்லாவற்றுக்கும் ரிக்வயர்ட்=ஃபால்ஸ் (கட்டாயமில்லை) போட்டேன், எரர் போய்விட்டது.

பழையசர்வர்: எரர் மட்டுமா போனது? கிடைக்காத ஃபீல்டுகளை அது சத்தமில்லாமல் விட்டுவிடும், டேட்டாவும் போயிருக்குமே. ஒரே ஒரு வெற்று அடைப்புக்குறிதானே வருகிறது?

ஓரமாநிற்பவன்: ஆமாம் சார். டேபிள் காலி என்று நினைத்தேன்.

கோடுக்காரி: ஏன் இந்த அடிதடி? லிஸ்ட் காட்டுவதற்கென்றே இருக்கும் ஆயத்த வியூ, லிஸ்ட்ஏபிஐவியூ போடுங்கள். மெனி=ட்ரூவை அதுவே பார்த்துக்கொள்ளும், செட்டிங்ஸில் சொல்லிவிட்டால் பேஜினேஷனும் (பக்கம் பிரிப்பது) கூடவே வரும்.

பழையசர்வர்: வாங்கம்மா. எல்லா ஃபீல்டையும் காட்டும் ஃபீல்ட்ஸ்='__ஆல்__' போட்டு பாஸ்வேர்டு ஹாஷை வெளியே விட்ட கதையில் நான் திருத்தியதற்கு இன்னும் என் மேல் கோபமா?

கோடுக்காரி: அது வேறு இழை. அங்கேயும் நீங்கள் பாடம் எடுத்தீர்களே தவிர, எந்த ஃபைலில் எந்த வரி என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் கையால் எழுதும் ஏபிஐவியூவைக் கட்டிக்கொண்டு அழுவதால்தான் இந்த எரரே வருகிறது.

பழையசர்வர்: ஏபிஐவியூ என்ன பாவம் செய்தது? உள்ளே நடப்பது தெரியாமல் லிஸ்ட்ஏபிஐவியூ போடுகிறவர்கள்தான் தொடர்புள்ள டேபிளையும் ஒரே குவெரியில் எடுக்கும் செலக்ட்_ரிலேட்டட் மறந்து, புத்தகத்துக்கு ஒரு குவெரி என்று ஆசிரியர் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை விடுங்கள். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. இஸ்_வேலிட் எதற்கு?

வேலைமுடிஞ்சாசரி: ஜேசன் வருவதற்கு.

பழையசர்வர்: டேட்டா= என்பதையும் இஸ்_வேலிட் வரியையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் வரும்.

வேலைமுடிஞ்சாசரி: இஸ்_வேலிட்டை எடுத்துப் பார்த்தேன். '.டேட்டா கேட்கும் முன் இஸ்_வேலிட் கூப்பிட வேண்டும்' என்று அசர்ஷன் எரர். ஃபிரேம்வொர்க்கே என் பக்கம்!

பழையசர்வர்: டேட்டா= இன்னும் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறது! இரண்டையும் எடுக்கச் சொன்னேன். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு சாட்சிக்கு ஃபிரேம்வொர்க்கை இழுக்காதீர்கள்.

வேலைமுடிஞ்சாசரி: என் புராஜெக்ட், நான் எடுப்பேன், வைப்பேன். புரொடக்ஷனில் ஓடுகிறது.

கோடுக்காரி: எந்த புரொடக்ஷன்? லிங்க் கொடுங்களேன்.

வேலைமுடிஞ்சாசரி: உங்களுக்கு எதற்கு?

ஓரமாநிற்பவன்: சார், அப்போ நான் ரிக்வயர்டைத் திரும்ப ட்ரூ ஆக்கணுமா?

பழையசர்வர்: முதலில் மெனி=ட்ரூ போடு தம்பி. இஸ்_வேலிட் பக்கமே போகாதே.

வேலைமுடிஞ்சாசரி: போட்டாலும் ஓடும் தம்பி, பயப்படாதே.