மிச்சிகனில் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தாலே ஓட்டு. நம் எல்லைப் பக்கம் அது நடக்குமா?

சித்தூர்ப்புழை:
கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். பெரியப்பா மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறான். குடியுரிமை கிடைத்ததும் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனான், பாஸ்போர்ட்டைக் காட்டினான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான், வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. 2018 நவம்பரில் மக்களிடமே ஓட்டுக்கு விட்டு, மாநில அரசியல் சட்டத்தில் இதை எழுதிவிட்டார்களாம். சுமார் 67 சதவீதம் பேர் ஆதரவு. இங்கே என் மகளுக்கு ஆதார் இருக்கிறது, ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் பிறந்த தேதி இருக்கிறது. எல்லாம் அரசாங்கத்தின் கையில்தானே? 18 ஆனதும் அவர்களே சேர்த்துக்கொண்டால் என்ன? கேரளா இப்படி ஒரு திருத்தம் கொண்டுவர முடியாதா?

பாலக்காட்டு குமாஸ்தா:
மிச்சிகனுக்குத் தனி அரசியல் சட்டம் உண்டு, நமக்கு இல்லை. 21 வயதை 18 ஆக்கவே 61-ஆவது திருத்தம் தேவைப்பட்டது. பட்டியலில் பெயர் சேர்ப்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி. அதில் கைவைக்க நாடாளுமன்றத்தால்தான் முடியும்.

ஆனால் ஒரு சந்து இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலுக்குக் கேரளாவில் மாநிலத் தேர்தல் ஆணையம் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அது 1994-ஆம் ஆண்டு கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் கீழ் வருவது. சட்டசபை நினைத்தால் அதைத் திருத்தலாம். அமெரிக்காவிலும் இதை முதலில் தொடங்கிய ஓரிகன் மாநிலம் 2015-இல் சாதாரணச் சட்டம்தான் போட்டது. மிச்சிகன்போல அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டால், அடுத்து வரும் சட்டசபை சும்மா கைதூக்கி ரத்து செய்ய முடியாது. அதுதான் வித்தியாசம்.

லயத்து டீச்சர்:
நான் இடுக்கி மலையில் பீர்மேடு பக்கம் அங்கன்வாடி டீச்சர். பிஎல்ஓ வேலையும், அதாவது வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையும், என் தலையில்தான். தானாகச் சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை தம்பி, ஆனால் எதைப் பார்த்துச் சேர்ப்பது? ஆதார் இங்கே குடியிருக்கிற யாருக்கும் கிடைக்கும், அது குடியுரிமைச் சான்று இல்லை. ஓரிகனிலும் லைசென்ஸ் எடுக்கக் குடியுரிமை வேண்டாம். குடியுரிமைச் சான்று காட்டாத ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் பட்டியலில் ஏறியிருந்தது 2024-இல் வெளியே வந்தது.

எங்கள் மலையில் அதைவிடப் பெரிய கேள்வி, ஆள் எந்தப் பக்கம் என்பது. தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம், போடி, உத்தமபாளையத்தில் இருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு அங்கே ஓட்டு இருக்கும், ஆதாரிலும் அம்மா வீட்டு முகவரிதான். ரிட்டயர் ஆகி லயத்தை, அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்து போனவருக்கு இங்கே பெயர் இருக்கும். வேண்டுமென்றே இரண்டு பக்கமும் வைத்திருப்பவர்களும் உண்டு, அதை மறைப்பானேன்? ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் பெயர் இருக்கலாம் என்று சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2025-இல் எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) வந்தபோது, பழைய பட்டியலில் அப்பா பெயர் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று கேட்டு மருமகள்கள் எல்லோரும் அண்ணன் தம்பிகளுக்குப் போன் போட்டபடி இருந்தார்கள்.

அதிலும் லயத்துக்கு வீட்டுப் பெயர் கிடையாது. எஸ்டேட்டின் டிவிஷன் பெயர், லயத்து எண், அவ்வளவுதான். ஒரே டிவிஷனில் மூன்று மாரியம்மாள். தகப்பன் பெயர் ஒரு கார்டில் வெறும் இனிஷியல், இன்னொன்றில் முழுசு. கம்ப்யூட்டர் யாரை யாரோடு சேர்க்கும்? எனக்கென்றால் மாடு வளர்க்கிற மாரியம்மாள் யார் என்று தெரியும்.

ஆனால் 18 வயதுப் பிள்ளைகள் விஷயம் வேறு. பள்ளிக்கூடமே பிறந்த தேதியோடு பட்டியல் கொடுக்கட்டும், நான் போய் வீட்டைப் பார்த்து உறுதி செய்கிறேன். கொழுந்து எடுக்கிற அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் தாலூக் ஆபீஸுக்குப் போக வேண்டாம் பாருங்கள். குமாஸ்தா அண்ணன் சொன்ன பஞ்சாயத்துப் பட்டியலில் இதைத் தொடங்கலாம். பெயரை நீக்குவதை மட்டும் தானாகச் செய்யவே கூடாது. அதற்குக் கதவைத் தட்டிக் கேட்டே ஆக வேண்டும்.

குமுளிக்காரன்:
கட்சிக்காரர்கள் இதை விடமாட்டார்கள் டீச்சர். புதுப் பெயர் சேர்க்கிறோம் என்று ஃபாரத்தோடு வருவதுதானே அவர்களுக்கு வீட்டுக்குள் நுழைய வழி!

சித்தூர்ப்புழை:
நன்றி டீச்சர். மகளுக்கு ஆகஸ்டில் 18 ஆகிறது, கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். இப்போது என்ன செய்வது?

லயத்து டீச்சர்:
17 முடிந்துவிட்டது அல்லவா, இப்போதே புதுப் பெயர் சேர்க்கும் படிவம் 6 போட்டு வைக்கலாம். ஆகஸ்ட் என்றால் அக்டோபர் 1-ஐத் தகுதி நாளாக வைத்துப் பெயர் வரும். ஹாஸ்டல் முகவரியா வீட்டு முகவரியா என்பது அவள் விருப்பம், ஆனால் ஒன்றுதான். வீட்டு முகவரி கொடுத்தால், பஞ்சாயத்துப் பட்டியலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சட்டசபைத் தேர்தல் பட்டியலில் சேர்ந்தால் அதில் தானாக வராது.