கரண்ட் போனதும் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைகிறது

600 விஏ யுபிஎஸ்ஸில் கணினி, மானிட்டர், லேசர் பிரிண்டர் மூன்றையும் மாட்டியிருக்கிறேன். கரண்ட் போனால் ஒரு பீப், அப்புறம் எல்லாமே இருட்டு. 600 போதாதா?

பதில்: முதலில் பிரிண்டரைக் கழற்றி நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். உள்ளே மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடேறும்போது அது ஒன்றே பல நூறு வாட் இழுக்கும். அப்புறம், 600 என்பது விஏ (வோல்ட்-ஆம்பியர்), வாட் அல்ல. பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரும்பாலும் 360 வாட் என்று பொடி எழுத்தில் இருக்கும். கணக்குப் போட வேண்டியது அதை வைத்துத்தான். பெரிய எழுத்து விற்பவருக்கு.

கேட்டவர்: ஆமாம் சார், 360தான்! பிரிண்டரை எடுத்ததும் கரண்ட் போனால் இரண்டு நிமிடம் தாங்குகிறது. பேட்டரி வாங்கி நாலு வருஷம் ஆகிறது.

பதில்: சரி, பேட்டரி மாற்றும் காலம்தான். இந்த ஈய-அமில வகை 3 முதல் 5 ஆண்டு உழைக்கும், வெக்கையில் இன்னும் குறைவு. உப்பியிருந்தால் கூட்டிலிருந்து எளிதில் வராது. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்ப வேண்டாம்.

இன்னொருவர்: புது பேட்டரி போட்டும் அணைந்தால் கணினியின் பவர் சப்ளையைப் பாருங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று உள்ள) வகை சிலவற்றுக்கு, மலிவு யுபிஎஸ் தரும் சதுர அலை ஒத்துவராது. வீட்டு கரண்ட் போலவே வளைந்து ஏறி இறங்கும் சைன் அலை தரும் யுபிஎஸ் மாடல் தேவைப்படும்.