'வள்ளம்': ஒரே சொல்லா, இரண்டா?

காங்கேயம் பக்கத்துச் சொற்களை அகராதியாகத் தொகுக்கிறேன். 'வள்ளம்' என்ற சொல்லில் முடங்கி நிற்கிறேன்.

எங்கள் ஊரில் அது நான்கு படி கொண்ட தானிய அளவு. வீட்டுப் பழைய பத்திரத்திலோ "இரண்டு வள்ளம் புன்செய்" என்று நிலத்துக்கும் அதே பெயர். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் (1924–36) புரட்டினேன். கிண்ணம், தோணி என்றும் பொருள் உண்டு. தோணியைக் கேரளத்தார் இன்றும் வள்ளம் என்றே சொல்கிறார்கள்.

சொல் வரும் வாக்கியங்களை இடத்தோடு தனித்தனி அட்டையில் எழுதி, பொருள்வாரியாக அடுக்கிப் பார்த்தேன். நில அளவு மட்டும் எதனோடும் சேரவில்லை. "ஒரு வள்ளம் விதை பிடிக்கிற காடு" (காடு என்றால் இங்கே புன்செய் நிலம்) என்று பெரியவர்கள் விளக்குகிறார்கள். நம்பத்தக்க விளக்கம்தான், விதைப்பாட்டால் நிலத்தை அளப்பது நம் பழைய வழக்கம். ஆனால் எழுத்துச் சான்று கிடைக்கவில்லை.

வாய்மொழியை மட்டும் வைத்து, நில அளவைத் தானிய அளவின் கிளைப்பொருளாக ஒரே தலைச்சொல்லின்கீழ் (அகராதியில் பொருள் தரப்படும் பதிவுச் சொல்) சேர்க்கலாமா, தனித் தலைச்சொல்லாகப் பிரிக்க வேண்டுமா?