டயலப்பே போதுமா, டேட்டாஒன்னுக்கு மாறலாமா? (2006)

வைகைக்கரை: டயலப் (போன் லைன்ல நம்பர் டயல் பண்ணி நெட்ல சேர்றது) கனெக்ட் ஆகும்போது 31.2 கேபிபிஎஸ்தான் (நொடிக்கு கிலோபிட்) காட்டுது. தினம் 20 நிமிஷம் மெயில், செய்தி, அவ்வளவுதான். பிஎஸ்என்எல்லோட டேட்டாஒன் பிராட்பேண்ட்ல மாசம் 250 ரூபாய்க்கு 256 கேபிபிஎஸ், 400 எம்பி கோட்டா. மாறினா லாபமா?

செம்புக்கம்பி: தாராளமா மாறுங்க. டயலப்ல நொடிக்கு 3, 4 கேபி (கிலோபைட், 8 பிட் சேர்ந்தா ஒரு பைட்) வந்தாலே அதிகம். 5 கேபின்னே வச்சாலும் 20 நிமிஷத்துக்கு 6 எம்பி, மாசம் 180. 400 எம்பில பாதிகூட ஆகாது. நெட்ல இருக்கும்போது போனும் வேலை செய்யும்.

பழையமோடம்: கணக்கு சரி, பழக்கம் அப்படியே இருக்காதே! 256-ல நொடிக்கு 30 கேபி வரும். நிறுத்தாம இறக்கினா நாலு மணி நேரத்துக்குள்ள 400 எம்பி காலி. விண்டோஸ் எக்ஸ்பியோட பெரிய அப்டேட், சர்வீஸ் பேக் 2 ஒண்ணே 260 எம்பிக்கு மேல. கோட்டாவைத் தாண்டினா எம்பிக்கு எம்பி காசு. அதோட, 31.2 காட்டுற லைன்ல டிஎஸ்எல் (போன் கம்பியிலேயே வர்ற பிராட்பேண்ட்) நிக்குமா?

செம்புக்கம்பி: 31.2-ன்னா லைன் கெட்டதுன்னு முடிவு கட்டாதீங்க. 56கே மோடம் முழு வேகத்துல ஓட, வீட்டுக்கும் ஐஎஸ்பிக்கும் (நெட் குடுக்கற கம்பெனி) நடுவுல ஒரே ஒரு தடவைதான் டிஜிட்டல்-அனலாக் மாற்றம் இருக்கணும். பேர் கெயின் பெட்டி வழியா ஒரே கம்பியில ரெண்டு நம்பர் ஓட்டியிருந்தா அது ரெண்டு தடவை ஆயிடும், வேகம் 33.6-ஐத் தாண்டாது.

பழையமோடம்: அப்ப என் பக்கம்தான் வர்றீங்க. பேர் கெயின் இருந்தா டிஎஸ்எல் வரவே வராது. அது ஓடறது 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல. அந்தப் பெட்டி குரலை மட்டும்தான் கடத்தும்.

செம்புக்கம்பி: ஒத்துக்கறேன். அதனால விண்ணப்பம் குடுக்கும்போதே "தனி ஜோடி கம்பியா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து எவ்வளவு தூரம்"னு லைன்மேன்கிட்ட கேட்டுடணும். மூணு கிலோமீட்டருக்குள்ளன்னா பெரும்பாலும் கவலை இல்ல. இரைச்சல் பார்க்க எல்லா போனையும் கழட்டிட்டு, வெளியிலிருந்து லைன் வந்து சேர்ற ரோசட் பெட்டியில ஒண்ணை மட்டும் மாட்டி, ஏதாவது ஒரு எண்ணை அமுக்குங்க. டயல்டோன் நின்னதும் நிசப்தமா இருக்கணும். கரகரன்னா முதல்ல புகார் குடுங்க, மோடம் அப்புறம்.

பழையமோடம்: எனக்கு இதைவிடப் பெரிய தலைவலி பேரலல் போன், அதாவது அதே லைன்ல மாட்டின இன்னொரு போன். பேச்சையும் டிஎஸ்எல்லையும் பிரிக்கிற ஸ்ப்ளிட்டரை ஹால்ல மாட்டிட்டு, பெட்ரூம் வயரை ரோசட்லயே விட்டுடுவாங்க. அங்க ரிசீவரைத் தூக்கினதும் டிஎஸ்எல் விளக்கு அணையும். பழி எக்ஸ்சேஞ்ச் மேல. ரோசட்லருந்து ஒரே வயர் ஸ்ப்ளிட்டரோட "லைன்" துளைக்கு. வீட்ல எத்தனை போன் இருந்தாலும் "போன்" துளையிலிருந்துதான் பிரியணும்.

வைகைக்கரை: கோட்டாவை எப்படிக் கட்டுப்படுத்தறது?

செம்புக்கம்பி: மோடமை பிரிட்ஜ் முறையில (லாகின் கம்ப்யூட்டர்லயே நடக்கும்) வைங்க, மோடம் செட்டிங்ல விபிஐ 0, விசிஐ 35-ன்னு எண் போடுங்க. யூஎஸ்பி வேணாம், டிரைவர் தொல்லை. ஈதர்நெட்ல மாட்டி எக்ஸ்பிலயே பிபிபிஓஇ (பேரும் பாஸ்வேர்டும் குடுத்து சேர்ற) கனெக்‌ஷன் போட்டுக்குங்க. டயலப் மாதிரியே தேவைப்படும்போது கனெக்ட், முடிஞ்சதும் டிஸ்கனெக்ட். மோடத்துக்குள்ளயே பாஸ்வேர்டு போட்டா ராத்திரி முழுக்க லைன்ல நிக்கும், விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாம எம்பியைத் தின்னும்.

பழையமோடம்: ஆட்டோமேட்டிக் அப்டேட்டை "இறக்கும் முன் கேள்"னு மாத்துங்க. அப்லோடும் கோட்டாவுலதான் சேரும். அந்த டயலப் மோடமை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. டிஎஸ்எல் படுத்த அன்னிக்கு ஸ்ப்ளிட்டரோட "போன்" பக்கம் சொருகிக்கலாம்.