கழுத்தில் கொப்புளம், துவரையில் பரிசம்

ஐப்பசியில் துவரை பூத்திருந்த சமயம். சாயங்காலம் வரப்பில் வரும்போது கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. பார்க்காமலே துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டேன். அப்போது வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை. காலையில் எழுந்தால் திராட்சை அளவுக்கு நீர்க் கொப்புளம்! அம்மா பார்த்துவிட்டு, "எட்டுக்கால் பூச்சி பட்டிருக்கும்டா" என்று மஞ்சள் பூசினார்.

பாவம் எட்டுக்கால் பூச்சி. அன்றைக்கே துவரைக்குப் போய்ப் பார்த்தேன். செடிக்கு நாலைந்து வண்டு, கறுப்பு முதுகில் ஆரஞ்சுப் பட்டை. கொப்புள வண்டு! ஒன்றைக் காகிதத்தில் தட்டிப் பிடித்ததும் செத்ததுபோல் காலை மடக்கிக்கொண்டது. கால் மூட்டில் மஞ்சளாக ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தது. அதில்தான் காந்தாரிடின் இருக்கிறது. ஐரோப்பிய வண்டு ஒன்றிலிருந்து பிரெஞ்சு வேதியியலாளர் ரோபிக்கே 1810இல் பிரித்தெடுத்த அதே விஷம். பட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் தோல் பொங்கும். அதற்குள் வண்டு போய்விடுவதால் பழி வேறு பூச்சி மேல் விழுகிறது.

பழிவாங்கப் போனவன், ஒரு கிளையில் நடந்ததைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பெண் வண்டு பூவிதழைக் கடித்துக்கொண்டிருக்க, ஆண் பின்னாலிருந்து மீசையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அவள் நகர்ந்தாள், விடாமல் பின்னாலேயே போனது. அப்புறம் வால் பக்கம் ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. அவள் சாப்பாட்டை நிறுத்தவே இல்லை. அடுத்த பூவுக்கு ஏறும்போது இவரையும் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே போனாள்.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் சுவாரசியம். இந்தக் குடும்பத்து வண்டுகளில் விஷத்தைப் பெரும்பாலும் சுரப்பது ஆண். கூடும்போது அதைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடும். அவள் முட்டைகளுக்குக் காவலாகப் பூசுவாள். சரியான பரிசம்! என் கழுத்தைப் பொங்க வைத்ததும் அதே சரக்குதான்.

மண்ணுக்குள் பொரிக்கும் இந்த வண்டின் குஞ்சுப் புழு தின்பதற்காக ஓடி ஓடித் தேடுவது வெட்டுக்கிளி முட்டையை. போன வருஷம் பக்கத்துக் கடலைக்காட்டில் வெட்டுக்கிளி அதிகம். இந்த வருஷம் இவர்கள் கூட்டம் எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு புரிந்தது. புழு நமக்கு ஆள், வண்டு நமக்கு எதிரி. என்ன செய்வது?

பூவில் பாதி போய்விட்டதால் கையுறை போட்டுப் பொறுக்கி, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். அந்த ஜோடி இருந்த கிளைக்கு மட்டும் மறுநாள்தான் போனேன். அம்மா இன்னும் எட்டுக்கால் பூச்சியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.